உதயசூரியனா, பானையா, சுயேச்சைச் சின்னமா: சிறிய கட்சியின் வேட்பாளர் எதைத் தேர்ந்தெடுப்பது?

தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தலில் ஒரு சிறிய கட்சியின் சார்பில் களமிறங்க நினைக்கும் ஒருவர், எந்தத் தொகுதி என்ற கேள்விக்கு அடுத்தபடியாக எந்தச் சின்னம் என்ற கேள்விக்கு விடை காண வேண்டியிருக்கிறது. அவருக்கு முன் மூன்று வழிகள் உள்ளன. கூட்டணியின் தலைமைக் கட்சி தரும் சின்னத்தில், அதாவது உதயசூரியனிலோ இரட்டை இலையிலோ, நிற்கலாம். கூட்டணியில் இருந்துகொண்டே தம் கட்சிக்கென்று கிடைக்கும் சின்னத்தில் நிற்கலாம். இரண்டும் வேண்டாமென்று சுயேச்சையாக நிற்கலாம். பெரும்பாலான வேட்பாளர்கள் இந்த மூன்றையும் எதில் வெற்றி எளிது என்ற ஒரே அளவுகோலால் அளக்கிறார்கள். அந்த அளவுகோல் தவறன்று. ஆனால் அது பிரச்சாரத்தின் இரண்டு வாரங்களை மட்டுமே அளக்கிறது. சின்னம் தீர்மானிப்பது அதற்குப் பின்வரும் ஐந்து ஆண்டுகளையும் என்பதால், இரண்டையும் சேர்த்து எடைபோடுவதே முறை.

முதலில் வெற்றி வாய்ப்பைப் பார்ப்போம். 2021 தேர்தல் ஏறத்தாழ ஒரு சோதனைக்கூடம்போல அமைந்தது. தி.மு.க. கூட்டணியில் ம.தி.மு.க.வுக்கும் விடுதலைச் சிறுத்தைகள் கட்சிக்கும் தலா ஆறு தொகுதிகள் ஒதுக்கப்பட்டன. ம.தி.மு.க. ஆறிலும் உதயசூரியனில் நின்றது. விடுதலைச் சிறுத்தைகள் ஆறிலும் பானையில் நின்றார்கள். இரு கட்சிகளும் தலா நான்கு தொகுதிகளில் வென்றன. பானையில் வென்ற நான்கில் நாகப்பட்டினமும் திருப்போரூரும் பொதுத் தொகுதிகள் என்பதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தனித் தொகுதிக்கு வெளியே அந்தச் சின்னம் செல்லாது என்று தொகுதிப் பங்கீட்டு மேசைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் வாதம் அங்கே நிற்கவில்லை.

இதற்கு எதிரான சான்றாக 2019 மக்களவைத் தேர்தலைக் காட்டுவார்கள். அந்தத் தேர்தலில் தொல். திருமாவளவன் சிதம்பரத்தில் பானைச் சின்னத்தில் நின்று 3,219 வாக்குகள் வித்தியாசத்தில் மட்டுமே வென்றார். அதே கட்சியைச் சேர்ந்த ரவிக்குமார் விழுப்புரத்தில் உதயசூரியனில் நின்று 1,28,068 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். ஒரே கட்சி, ஒரே கூட்டணி, ஒரே வட்டாரத்துத் தொகுதிகள் என்பதால் இந்த இடைவெளி முழுவதும் சின்னத்தின் விலை என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் சிதம்பரத்தில் எதிரில் நின்றது அ.தி.மு.க.வின் இரட்டை இலை. விழுப்புரத்தில் எதிரில் நின்றது பா.ம.க.வின் மாம்பழம். எதிராளியின் சின்னமும் வேறாக இருந்த இரு தொகுதிகளை வைத்து நம் சின்னத்தின் மதிப்பை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. 2024இல் இருவருமே பானையில் நின்றார்கள். சிதம்பரத்தில் வித்தியாசம் 1,03,554 ஆக உயர்ந்தது. விழுப்புரத்தில் 70,703 ஆகக் குறைந்தது. இரண்டுமே வசதியான வெற்றிகள். இதே தேர்தலில் திருச்சியில் ம.தி.மு.க.வின் துரை வைகோ, வாக்காளர்கள் அதுவரை அந்தக் கட்சியோடு சேர்த்துப் பார்த்திராத தீப்பெட்டிச் சின்னத்தில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார்.

இவற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு இதுதான்: கூட்டணி வலுவாக இருந்து, தலைமைக் கட்சியின் கிளைச் செயலாளர்கள் மனப்பூர்வமாக வேலை செய்தால், புதிய சின்னம் பெரிய சுமையாவதில்லை. கூட்டணி தடுமாறும் ஆண்டில் அது சுமையாகும். 2016இல் மக்கள் நலக் கூட்டணியின் சார்பில் காட்டுமன்னார்கோவிலில் மோதிரச் சின்னத்தில் நின்ற திருமாவளவன் வெறும் 87 வாக்குகளில் தோற்றார். அத்தகைய நூலிழைப் போட்டியில் தெரிந்த சின்னம் ஒன்று இருந்திருந்தால் என்று அவரது கட்சித் தொண்டர்கள் எண்ணாமல் இருந்திருக்க முடியாது. அந்தக் கட்சி 2009இல் நட்சத்திரம், 2011இல் மெழுகுவர்த்தி, 2016இல் மோதிரம், 2019இல் பானை என்று தேர்தலுக்குத் தேர்தல் புதிய படம் வரையவேண்டியிருந்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். சின்னம் புதியது என்பதைவிட, ஒவ்வொரு முறையும் புதியது என்பதே பெரிய இழப்பு.

தலைமைக் கட்சியின் சின்னத்தில் நிற்பதன் சட்டப் பொருளைப் பல வேட்பாளர்கள் முழுதாக உணர்வதில்லை. ஒருவருக்கு உதயசூரியன் கிடைக்க வேண்டுமானால், வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் அந்தக் கட்சியின் ஏ படிவமும் (வேட்பாளரை அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதைக் கூறுவது) பி படிவமும் (வேட்பாளர் யார் என்பதைக் கூறுவது), மையால் இட்ட அசல் கையொப்பத்துடன், வந்து சேர்ந்திருக்க வேண்டும். பி படிவத்தில் வேட்பாளரின் பெயருக்குக் கீழே ஒரு சான்று இருக்கிறது: இவர் இந்தக் கட்சியின் உறுப்பினர், இவரது பெயர் கட்சியின் உறுப்பினர் பட்டியலில் முறைப்படி இடம்பெற்றுள்ளது என்று அது கூறுகிறது. கூட்டணித் தோழராகச் சென்றவர் அந்தத் தாளில் தலைமைக் கட்சியின் உறுப்பினராகிவிடுகிறார். மேடையில் எந்தக் கொடி பறந்தாலும், அலுவலரின் கோப்பில் இருப்பது அந்தச் சான்று மட்டுமே.

அதன் விளைவு தேர்தல் முடிவுப் பட்டியலிலேயே தெரியும். 2021இல் தி.மு.க. 133 இடங்களில் வென்றது என்று தேர்தல் ஆணையத்தின் கணக்கு சொல்கிறது. அவற்றில் தி.மு.க.வினர் வென்றவை 125. மீதி எட்டும் உதயசூரியனில் நின்ற கூட்டணிக் கட்சியினருடையவை: ம.தி.மு.க. நான்கு, மனிதநேய மக்கள் கட்சி இரண்டு, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி ஒன்று, தமிழக வாழ்வுரிமைக் கட்சி ஒன்று. கட்சித் தாவலைத் தடுக்கும், அரசமைப்புச் சட்டத்தின் பத்தாவது அட்டவணையின்படி, ஓர் உறுப்பினர் தேர்தலில் எந்தக் கட்சியால் நிறுத்தப்பட்டாரோ அந்தக் கட்சியைச் சேர்ந்தவராகவே கருதப்படுவார். தி.மு.க. கொறடாவின் உத்தரவு அந்த எட்டுப் பேரையும் கட்டுப்படுத்தும். உத்தரவுக்கு மாறாக வாக்களித்தாலோ, வாக்கெடுப்பில் கலந்துகொள்ளாமல் விலகி நின்றாலோ, கட்சி அதை 15 நாட்களுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி போகும். அவரது சொந்தக் கட்சி நாளை கூட்டணியிலிருந்து விலகினாலும் அவர் விலக முடியாது.

அவையில் இத்தகைய உறுப்பினர்கள் தத்தம் கட்சியின் பெயராலேயே பேசுகிறார்கள், அரசைக் குறைகூறவும் செய்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது தலைமைக் கட்சி காட்டும் பெருந்தன்மை. பெருந்தன்மைக்குக் கால வரம்பு எழுதி வாங்க முடியாது. இந்த நெருக்கடியை நேரில் அனுபவித்தவர் திருமாவளவன். 2001இல் மங்களூர் தொகுதியில் உதயசூரியன் சின்னத்தில் வென்று முதன்முறையாகச் சட்டமன்றத்துக்குச் சென்ற அவர், தி.மு.க.வுடன் ஏற்பட்ட முரண்பாட்டால் 2004இல் அந்தப் பதவியையே விட்டுவிலகினார். கருத்து வேறுபாட்டுக்கும் பதவிக்கும் இடையில் மூன்றாவது வழி அவருக்கு இல்லை. பின்னாளில் அவரது கட்சி தனிச் சின்னத்தை வலியுறுத்தியதைப் புரிந்துகொள்ள இந்த ஒரு நிகழ்வு போதும் என்பது என் எண்ணம்.

வேட்பாளரின் நலனும் அவரது கட்சியின் நலனும் பிரிகிற இடமும் இதுதான். மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெறத் தேர்தல் ஆணையத்தின் சின்னங்கள் ஆணை சில வழிகளை வகுத்திருக்கிறது. சட்டமன்றத் தேர்தலில் 6 விழுக்காடு வாக்குகளும் இரண்டு இடங்களும், அல்லது மக்களவைத் தேர்தலில் 6 விழுக்காடு வாக்குகளும் ஓரிடமும், அல்லது வெற்றி எதுவும் இல்லாமலே 8 விழுக்காடு வாக்குகள், அல்லது மாநிலத்தின் மக்களவை இடங்களில் 25க்கு ஒன்று என்ற கணக்கில் வெற்றி என்பவை அவற்றுள் சில. தலைமைக் கட்சியின் சின்னத்தில் விழும் வாக்கு இந்தக் கணக்கு எதிலும் சிறிய கட்சியின் பெயரில் சேராது. தமிழ்நாட்டுக்கு மக்களவையில் 39 இடங்கள் இருப்பதால் 25க்கு ஒன்று என்ற கணக்கில் தேவைப்படுவது இரண்டு வெற்றிகள். 2024இல் விடுதலைச் சிறுத்தைகள் நின்ற இரு தொகுதிகளையும் பானையில் வென்று அங்கீகாரம் பெற்றார்கள். ரவிக்குமார் 2019இல் போலவே மீண்டும் உதயசூரியனில் நின்று வென்றிருந்தால், அவருக்கு வெற்றி கிடைத்திருக்கும். கட்சிக்கு அந்த அங்கீகாரம் கிடைத்திருக்காது. அதே தேர்தலில் ஒரு தொகுதியும் வெல்லாத நாம் தமிழர் கட்சி, வழக்கமான கரும்பு விவசாயி சின்னம் கைநழுவிப்போய் ஒலிவாங்கிச் சின்னத்தில் நின்றபோதும், 8 விழுக்காட்டைத் தாண்டி அங்கீகாரம் பெற்றது.

அங்கீகாரம் என்பது வெறும் கௌரவப் பட்டமல்ல. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு வேட்புமனுவை முன்மொழிய அந்தத் தொகுதியின் வாக்காளர் ஒருவர் போதும். மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும். வாக்குப்பதிவு இயந்திரத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் முதலிலும், பதிவு மட்டும் பெற்ற கட்சிகளின் வேட்பாளர்கள் அடுத்தும், சுயேச்சைகள் கடைசியிலும் வரிசைப்படுத்தப்படுகிறார்கள். அங்கீகாரம் பெற்ற கட்சி 40 நட்சத்திரப் பேச்சாளர்களின் பெயர்களைக் கொடுக்கலாம். பதிவு மட்டும் பெற்ற கட்சி 20 பெயர்களைக் கொடுக்கலாம். அவர்களின் பயணச் செலவு வேட்பாளரின் கணக்கில் ஏறாது. சட்டமன்ற வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 2022 முதல் 40 லட்சம் ரூபாய். களத்தில் புழங்கும் தொகை அதற்குள் அடங்குவதில்லை என்பது ஊரறிந்த செய்தி என்றாலும், கணக்குக் காட்ட வேண்டியவருக்கு இந்த விலக்கு சிறிய உதவியன்று.

சுயேச்சை என்ற வழியைப் பற்றி நீட்டிப் பேசுவதற்குத் தமிழ்நாட்டின் அண்மைய வரலாறு இடம் தரவில்லை. 2011, 2016, 2021 ஆகிய மூன்று பொதுத் தேர்தல்களிலும் சுயேச்சை ஒருவர்கூட வெல்லவில்லை. கடைசியாகப் பொதுத் தேர்தலில் அப்படி வென்றவர் 2006இல் தளி தொகுதியில் டி. ராமச்சந்திரன், அவரும் அடுத்த தேர்தலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் வேட்பாளராகவே வென்றார். 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் பிரஷர் குக்கர் சின்னத்தில் நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றதையும், தி.மு.க. வேட்பாளர் அங்கே டெபாசிட் இழந்ததையும் உதாரணமாகக் காட்டுபவர்கள், அவர் பெயரளவில்தான் சுயேச்சை என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரு பெரிய கட்சியின் பிளவுபட்ட பகுதி முழுவதும் அந்த ஒரு தொகுதியில் அவருக்காக இறங்கி வேலை செய்தது. 234 தொகுதிகளுக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடக்கும்போது அந்த வசதி யாருக்கும் கிடைக்காது.

காலமும் சுயேச்சைக்குப் பகை. அவர் வேட்புமனுவில் மூன்று சின்னங்களை விருப்ப வரிசையில் எழுதித் தருகிறார். அதே சின்னத்தை வேறொரு சுயேச்சையும் கேட்டிருந்தால் குலுக்கல். பதிவு பெற்ற கட்சியின் வேட்பாளர் கேட்டிருந்தால் அவருக்கே முன்னுரிமை. மனுவைத் திரும்பப் பெறும் நேரம் முடிந்த பிறகே ஒதுக்கீடு நடக்கிறது. 2021இல் அந்த நாள் மார்ச் 22. வாக்குப்பதிவு ஏப்ரல் 6. பிரச்சாரம் ஓய்ந்தது ஏப்ரல் 4 மாலை. இரண்டு வாரங்கள்கூட நிறையாத அந்த இடைவெளியில் துண்டறிக்கை அச்சாகி, சுவரொட்டி ஒட்டப்பட்டு, முந்நூறுக்கும் மேற்பட்ட வாக்குச்சாவடிகளின் எல்லைக்குள் இருக்கும் முதியவர்கள்வரை அந்தப் படம் போய்ச் சேர வேண்டும். ஒரு வாக்குப்பதிவு அலகில் நோட்டாவோடு சேர்த்து 16 பொத்தான்கள்தாம் உண்டு. கரூரில் 2021இல் 77 பேர் களத்தில் நின்றார்கள். அத்தகைய தொகுதியில் சுயேச்சையின் பெயர் இரண்டாவது அலகிலோ நான்காவது அலகிலோ இருக்கும். போதாக்குறைக்கு ஒரே பெயர் கொண்டவர்களை நிறுத்தும் வழக்கம் வேறு. 2024 மக்களவைத் தேர்தலில் இராமநாதபுரத்தில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்றபோது, அதே பெயரில் வேறு சிலரும் களத்தில் இருந்தார்கள். அவர் மூன்று லட்சத்துக்கும் மேல் வாக்குகள் வாங்கியும் இரண்டாம் இடத்துக்கே வர முடிந்தது. முதலமைச்சராக இருந்தவருக்கே இந்த நிலை என்றால், ஒரு மாவட்ட நிர்வாகியின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

பத்து முன்மொழிபவர்கள் என்ற விதியின் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1996இல் ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சியில், தம் கோரிக்கைகளுக்குக் கவனம் தேடி விவசாயிகள் கூட்டமாக மனுத் தாக்கல் செய்ததில் 1,033 பேர் களத்தில் நின்றார்கள். வாக்குச்சீட்டு ஒரு புத்தகமாக அச்சிடப்பட்டது. அதே ஆண்டு சட்டமன்றத் தொகுதிக்கான வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அது இப்போது 10,000 ரூபாய், பட்டியல் சாதி மற்றும் பழங்குடி வேட்பாளர்களுக்கு 5,000 ரூபாய். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அது திரும்பி வராது. ஒரு கோரிக்கையை ஊர் அறியச் செய்வதுதான் நோக்கமென்றால் சுயேச்சை வழிக்கு இன்றும் பொருள் உண்டு. வெல்வது நோக்கமென்றால் இல்லை. வென்றாலும், எந்தக் கட்சியிலும் பின்னர் சேர்ந்தால் பதவி போகும் என்று பத்தாவது அட்டவணை சொல்கிறது. தி.மு.க. 96 இடங்களோடு பிறரின் ஆதரவில் ஆட்சி நடத்திய 2006 போன்ற அவையில்தான் கொறடா இல்லாத ஓர் உறுப்பினரின் கைக்கு மதிப்புக் கூடும். அத்தகைய அவை இங்கே அரிதாகவே அமைகிறது.

எனவே உண்மையான போட்டி முதல் இரண்டு வழிகளுக்கு இடையில்தான். இதில் என் சார்பு சொந்தச் சின்னத்தின் பக்கம்; ஆனால் நிபந்தனைகளோடு. கட்சிக்கு ஏற்கெனவே அங்கீகாரம் இருந்தால் வேறு சிந்தனைக்கு இடமே இல்லை. கூட்டணித் தலைமை எவ்வளவு வற்புறுத்தினாலும் பி படிவம் தம் கட்சியுடையதாகவே இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத கட்சி பத்துக்கும் குறைவான தொகுதிகளில் நிற்கும் நிலையில் கணக்கு சிக்கலாகிறது. பதிவு பெற்ற கட்சியின் எல்லா வேட்பாளர்களுக்கும் ஒரே பொதுச் சின்னம் கிடைக்க வேண்டுமானால், சட்டமன்றத்தின் மொத்த இடங்களில் குறைந்தது 5 விழுக்காட்டில் அது வேட்பாளர்களை நிறுத்த வேண்டும். தமிழ்நாட்டில் அது 12 தொகுதிகள். கூட்டணியில் ஆறு இடம் வாங்கிய கட்சிக்கு அந்த உரிமை எழாது. அதன் வேட்பாளர்கள் ஒவ்வொருவரும் தத்தம் தொகுதியில் தனித்தனியே கேட்டுப் பெற வேண்டும். ஒரு தொகுதியில் குலுக்கலில் தோற்றால் அங்கே வேறு படம். ஒன்றோ இரண்டோ இடங்கள் மட்டும் கிடைத்த கட்சி, தலைமைக் கட்சியோடு கொள்கை உரசல் எதையும் எதிர்பார்க்காத கட்சி, வேட்பாளரின் முகம் அந்தத் தொகுதிக்குப் புதிது என்ற நிலை ஆகிய மூன்றும் ஒருங்கே சேர்ந்தால் உதயசூரியனையோ இரட்டை இலையையோ ஏற்பதில் தவறில்லை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் நான் தயங்குவேன். குறிப்பாக, ஒரு குறிப்பிட்ட சிக்கலை முன்வைத்தே வாக்குக் கேட்கும் கட்சி, அதாவது நாளை அதே சிக்கலில் அரசை எதிர்த்து வாக்களிக்க வேண்டிவரக்கூடிய கட்சி, அந்தச் சின்னத்தை வாங்கும்போது தன் வாக்கையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது.

சொந்தச் சின்னம் மட்டும் யாரையும் கரையேற்றிவிடாது என்பதற்கும் சான்று உண்டு. 2021இல் கோயம்புத்தூர் தெற்கில் கமல்ஹாசன் பெரிய கூட்டணிகளுக்கு வெளியே நின்று 1,728 வாக்குகளில் தோற்றார்; டார்ச் லைட் எவருக்கும் தெரியாத சின்னமுமல்ல, நின்றவர் தெரியாத முகமுமல்ல. சின்னம் எதுவானாலும், வாக்குச்சாவடி முகவராக நாள் முழுக்க உட்கார முந்நூறுக்கும் மேற்பட்ட நம்பிக்கையானவர்களை யார் தருகிறார்கள் என்ற கேள்விக்கு விடை இல்லாதவர் எந்த வழியையும் ஒப்பிட்டுப் பயனில்லை. கூட்டணியின் உண்மையான மதிப்பு அந்த முகவர்களில்தான் இருக்கிறது. அதைப் பெறுவதற்குச் சின்னத்தையும் விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதைத்தான் 2021இன் பானை வெற்றிகள் காட்டின.

நடைமுறையில் இந்த முடிவு, தொகுதிப் பங்கீட்டுக் குழு கூடும் மார்ச் மாதத்தில் எடுக்கப்படுவதில்லை. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே எடுக்கப்பட்டாக வேண்டும். பொதுச் சின்னத்துக்கான விண்ணப்பத்தை அவையின் பதவிக்காலம் முடிவதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே தேர்தல் ஆணையம் பெற்றுக்கொள்கிறது. முதலில் வந்தவருக்கு முன்னுரிமை. கேட்கும் கட்சி பத்துச் சின்னங்களை விருப்ப வரிசையில் எழுதித் தர வேண்டும். தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்குகளும் நிலுவையின்றி இருக்க வேண்டும். 2024இல் கரும்பு விவசாயி சின்னம் வேறொரு கட்சிக்குப் போனது, அந்தக் கட்சி முந்திக்கொண்டு விண்ணப்பித்ததால்தான். ஆகவே தனிச் சின்னத்தில் நிற்கும் எண்ணமுள்ள வேட்பாளர், தம் கட்சித் தலைமையிடம் தொகுதியைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு: விண்ணப்பம் ஆணையத்துக்குப் போய்விட்டதா, கடந்த மூன்று ஆண்டுகளின் கணக்குகள் தாக்கலாகிவிட்டனவா.